பிடுங்காமல் தப்பிய பல்

மனைவி மறைந்தபின் சேக்காட்டில் தனியாக இருக்கிறேன். வாயை மூடினால் இடது கடைவாய்ப் பல் மட்டும் முதலில் இடித்து வலித்தது. அதைப் பிடுங்கிவிடுவதென்று நானே தீர்மானித்து, பட்டணத்துப் பல் டாக்டரிடம் போனேன். அவர் அவசரப்படவில்லை. இறுகிய தசையைத் தளர்த்த, காதருகே இரு பக்கமும் சிறு தகடு ஒட்டி, தாடை நரம்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார். தசை துடித்துத் துடித்துத் தளர்ந்தது. பிறகு கடித்தபோது பற்கள் சரியாகப் பொருந்தின.

"பல்லுல குறையில்ல சார். நாள் முழுக்க தாடையை இறுக்கி வெச்சிருக்கீங்க. வீட்ல யார்கூட பேசுவீங்க?"

தினமும் டைரியில் எழுதுவதுதான் என் பேச்சு என்று வீடு திரும்பும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பால்காரரிடம் வழக்கம்போல் தலையாட்டாமல், மழை வருமா என்று கேட்டேன்.

"இன்னா சார், நீ பேசுவியா? ஊமைன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் அவரோடு கொஞ்சம் பேசிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.