சாந்தாமணியின் இன்ஜின்

"சும்மாதானே இருக்கே" என்று சாந்தாமணியிடம் சொன்னவர்களைக் கணக்கெடுத்தால் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊர்த் தமிழர்களில் பாதிப் பேர் தேறுவார்கள். கோவையில் மெக்கானிக்கல் படித்து, பீளமேட்டு பம்ப்செட் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் இன்ஜின்களைச் சோதித்துப் பார்த்தவள் அவள். 1992-இல் சபரிநாதனைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வந்ததும் கிடைத்த விசாவுக்குப் பெயர் டிபெண்டென்ட். வேலைக்குப் போனால் குற்றம். கிரீன் கார்டு வரட்டும், வரட்டும் என்று ஆறு வருஷம் போய்விட்டது. இன்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிறவளை இட்லி ஊற்ற உட்கார்த்திவைத்தார்களே, இதைவிட அநியாயம் உண்டா? சாஃப்ட்வேர்க்காரன் சபரிநாதன் நல்லவன்தான். ஆனால் அவனும், "சாந்தா வீட்ல ரிலாக்ஸ் பண்றா" என்றுதான் நண்பர்களிடம் சொல்வான்.

அவள் ரிலாக்ஸ் பண்ணவில்லை. பழைய சாமான் விற்கும் ஃப்ளீ மார்க்கெட்டில் ஓடாத பைக் ஒன்றை வாங்கி, அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பிரித்துப் போட்டிருந்தாள். 125 சிசி வண்டி. யூட்டா மாநிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பு படிந்த தரை இருக்கிறது. ஆகஸ்டில், வீட்டில் வண்டி கட்டியவர்கள் அங்கே கூடி யாருடையது வேகம் என்று பார்ப்பார்கள். பரிசுப் பணம் ஒரு சென்ட் கிடையாது. பணம் இல்லாததால் அது வேலை ஆகாது; வேலை ஆகாததால் விசா ஆபீஸ் ஒன்றும் சொல்ல முடியாது. அவள் படிப்புக்கு இந்த நாட்டில் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். இரண்டு வருஷம் உழைத்தாள். சிலிண்டர் ஹெட்டை மட்டும் ஏழு முறை கழற்றி மாட்டினாள்.

1998 ஆகஸ்டில் உப்பின் மேல் அவளே ஓட்டினாள். அந்த வகை வண்டிக்கு இருந்த ரெக்கார்டு மணிக்கு 92 மைல். சாந்தாமணியின் பைக் 96 தொட்டது. ஆனால் ஒரு ஓட்டம் போதாது. மறுநாள் காலை இன்னொரு முறை ஓட்டி, இரண்டின் சராசரியும் ரெக்கார்டைத் தாண்ட வேண்டும். அதுவரை வண்டி கயிறு கட்டிய இடத்தில் நிற்கும். மாலைக்குப் பிறகு சொந்தக்காரரே ஆனாலும் தொடக்கூடாது. தொட்டால் போச்சு. இதை அவள் சபரிநாதனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

விடிந்ததும் அவள் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மோட்டலில் குளித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்த சபரிநாதன் கயிற்றுக்குள் குனிந்து நுழைந்தான். டேங்கில் குங்குமப் பொட்டு வைத்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, வண்டியை ஒரு முழம் தள்ளி நசுக்கினான். தூரத்திலிருந்து ரேஸ் அதிகாரி கத்தியதும், வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கையை வேறு ஆட்டினான்!

"ரிப்பேர்தான் பண்ணக்கூடாதுன்னு நெனச்சேன் சாந்தா. நம்ம கேம்ரி காருக்குக்கூட இப்படித்தானே பண்ணினோம்?"

வண்டியை நகர்த்தியாகிவிட்டது, முதல் ஓட்டம் செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க அவனுக்கு லீவு இல்லை. காரில் வீடு திரும்பும்போது நெவாடா மாநிலம் முழுக்க அவள் கோபம் ஆறவில்லை. ஆனால் எல்லையில் ரீனோ ஊரைத் தாண்டும்போது மனசு இறங்கியது. ஆயுத பூஜைக்கு லேத்துக்கே பொட்டு வைக்கிற ஊரில் பிறந்தவள்தானே அவளும்? புத்தி கெட்டுச் செய்தான், கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்று மன்னித்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை விசாலாக்ஷி ஆன்ட்டி வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து. ஆன்ட்டியின் கணவர் பாலசுப்ரமணியன், தட்டில் புளியோதரையோடு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார்.

"என்னம்மா, உன் ரேஸ் என்ன ஆச்சு?"

அவள் வாய் திறப்பதற்குள் சபரிநாதன் முந்திக்கொண்டான்.

"இன்ஜின் கொஞ்சம் ட்ரபிள் குடுத்துடுச்சு அங்கிள்."

"அதானே! வீட்ல பண்ற இன்ஜின் எவ்வளவு தாங்கும்? போறது, ஹாபிதானே" என்றார் அவர். சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். உண்மை சாந்தாமணியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள். கையிலிருந்த தயிர்சாதத்தைக் கடைசிப் பருக்கைவரை தின்று முடித்தாள்.

காரில் ஏறியதும் சபரிநாதன் பெருமூச்சு விட்டான். "நல்லவேளை, சமாளிச்சுட்டேன். பொட்டு மேட்டரைச் சொல்லியிருந்தா மானமே போயிருக்கும்."

"யார் மானம்?"

"நம்ம மானம்தான்."

"உங்க மானம். பொட்டு வெச்சதை நான் சாகிற வரைக்கும் வெளியே சொல்லியிருக்க மாட்டேங்க. இன்ஜின் மேல ஏன் பழி போட்டீங்க? தொண்ணூத்தாறு ஓடுச்சு அது. ஒரு நட்டு லூஸாகலை. இந்த ஊர்ல நான் பண்ணினதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் ஓட்டைன்னு சொல்லிட்டீங்க. திருப்புங்க வண்டியை."

"இப்பவா? எல்லாரும் இருப்பாங்களே!"

"இருக்கணும்."

எல் கமினோ ரியல் சாலையில் யூ டர்ன் அடித்தான். விசாலாக்ஷி ஆன்ட்டி கதவைத் திறந்து, எதையாவது மறந்துவிட்டார்களா என்று பார்த்தாள். சபரிநாதன் வாசல் மிதியடியைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான்.

"இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி. நான்தான் ரூல் புரியாம வண்டியைத் தொட்டுக் கெடுத்துட்டேன்."

ஆன்ட்டி திருதிருவென்று விழித்தாள். உள்ளே சிரிப்பும் பேச்சும் கேட்டன.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் சாந்தாமணி. "உள்ளே இருக்கிறவங்களுக்குக் கேக்கலை."