மறந்து வைத்த குடை

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் குமாஸ்தா. கோச்சடையில் மனை வாங்க நானும் மனைவியும் பன்னிரண்டு வருடம் சேர்த்த பணத்தை, மேலூர்ப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த தங்கராசுவிடம் பங்காகப் போட நினைத்தேன். வரும் நாளைக் கார்டில் எழுதித் தெரிவித்துவிட்டு, மாதக்கணக்கில் யோசித்தபடி இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் களம் நிறைய நெல் காய்ந்தது. மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. எல்லாவற்றையும் டைரியில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை குடையை அங்கேயே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மேலூரில் வேறு வேலை இருந்ததால், சொல்லாமலே எடுக்கப் போனேன். ஆலை பூட்டிக் கிடந்தது. களத்தில் ஒரு மணி நெல் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தார்.

"கார்டு போடாம வந்துட்டீகளாக்கும்! நீங்க வாரீகன்னாத்தேன் வீட்டுக்கு வீடு நெல்லு வாங்கியாந்து கொட்டுவாரு, மெஷினைச் சும்மா ஓட விடுவாரு. சாயங்காலம் அம்புட்டையும் அள்ளித் திருப்பிக் குடுத்துருவாரு."

அதற்குள் தங்கராசு சைக்கிளில் வந்துவிட்டார். என்னைக் கண்டதும் இறங்கித் தலைகுனிந்து நின்றார்.

"கம்மாய் வத்தி ரெண்டு வருசமாச்சு சார். வெளைச்சலே இல்ல. பங்குக்கு ஆள் கெடைச்சா மெஷினை விக்காம வச்சுக்கிறலாம்னு பாத்தேன்."

பங்கு வேண்டாம் என்று சொன்னேன். குடையை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இப்போது யார் பங்கு சேரக் கூப்பிட்டாலும், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்க்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். நான் மாதக்கணக்கில் யோசித்ததால் அந்த மனிதர் ஊர் நெல்லை இரண்டு தடவை சுமந்திருக்கிறார்.