பாலிசியில் சேராத புடவை

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் பேபி முதலில் பார்ப்பது பிணத்தை அல்ல, ஃப்ரீஸர் பெட்டியை. கண்ணாடி வேர்த்திருக்கிறதா, ஒயர் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு நோட்டம். அப்புறம்தான் கட்டிப்பிடித்து அழுகை. அதுவும் பொய்யழுகை கிடையாது, மூக்கு சிவந்துபோகும். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு வாசலுக்கு வந்து, நாற்காலி இறக்கும் ஆளைப் பிடிப்பாள். "பெட்டி ஒரு நாளைக்கு இன்னா வாங்குற? ஷாமியானா அதோட சேத்தா, தனியா?" கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்ப மாட்டாள்.

வயது ஐம்பத்திரண்டு. அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் வாடகை வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் எட்டு மாடிக்கும் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். சர்க்கரைகூட எட்டிப் பார்க்காத உடம்பு. இப்பேர்ப்பட்டவள்தான் தன் சாவுச் செலவுக்கென்று பாலிசி எடுத்து, மாசம் பிறந்தால் கரண்ட் பில்லுக்கு முன்னால் அதைக் கட்டுகிறாள். ஏன் என்று கேட்டால் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்ப்பாள். "கல்யாணத்துக்கு மண்டபம் முன்னாடியே புக் பண்றோம்ல? இதுக்கு மட்டும் இன்னா, பொணம் நடு ஊட்ல கெடக்கசொல்லோ ஓடணுமா?"

பாலிசி எடுக்க உதவியது அதே கட்டடத்தில் வேலை பார்க்கும் வித்யா. நாமினியாக மகள் சிம்ரன் பெயரை எழுதினார்கள். இறப்புச் சான்றிதழெல்லாம் கொடுத்துப் பணம் கைக்கு வரச் சில வாரம் ஆகும் என்று வித்யா சொன்னதும் பேபி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஏம்மா, அதுவரைக்கும் பொணம் காத்துகினு இருக்குமா?" பாவம் வித்யா, எம்.பி.ஏ. படித்தவள், பாலிசித் தாளை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

வழியை பேபியே கண்டுபிடித்தாள். தெருமுனையில் பந்தலும் பெட்டியும் வாடகைக்கு விடும் குணசேகரனிடம் போனாள். எல்லாவற்றையும் அவர் செய்ய வேண்டியது, பாலிசிப் பணம் வந்ததும் சிம்ரனிடம் வாங்கிக்கொள்ள வேண்டியது. நம்பிக்கைக்கு ஆயிரம் ரூபாயை நீட்டியதும் மனிதர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "யக்கா, உயிரோட கீற ஆளுகிட்ட அட்வான்ஸ் வாங்கினா தொழிலு வெளங்காது." வாய்ச்சொல்லே போதும் என்று முடிவாயிற்று. மேளம் ஃபுல் செட்டு. டீ மூன்று தரம். பட்டாசு மட்டும் கூடவே கூடாது, தெரு நாய்கள் மிரளும்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம் அவளுடைய சொந்த நாக்குதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது, ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் தட்சிணாமூர்த்தி வண்டியை அடகு வைத்து எல்லாம் செய்தார். பேபியின் கணவர் கோவிந்தன் இறந்த அன்று முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாதிச் செலவு தர முடியுமா என்று தங்கையைக் கேட்டார். சிம்ரன் கல்யாணம் முடித்த கை, காலியாக இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆத்தா சாவு ஆம்பளப் புள்ள செலவு. பொண்ணுகிட்டப் போயி கேப்பியா?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டுவிட்டாள். "ஒன் சாவுக்கு நான் வர மாட்டேன்" என்று எழுந்து போனவர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு இரண்டு முறை பாதிப் பணத்தைக் கொடுத்தனுப்பினாள், இரண்டு முறையும் திரும்பி வந்தது.

அவர்கள் வழக்கத்தில், பெண் செத்தால் கூடப் பிறந்தவன் கொண்டுவரும் கோடிப் புடவையைப் போர்த்தித்தான் பிணத்தை எடுப்பார்கள். அதை எந்தப் பாலிசியில் வாங்குவது? நினைத்தால் பேபிக்குச் சோறு இறங்காது. "நானே ஒண்ணு வாங்கிப் போட்டுடறேம்மா" என்றாள் சிம்ரன். "நீ போட்டா அது பொடவ. அண்ணன் போட்டாத்தான் கோடி."

போன ஞாயிற்றுக்கிழமை பாலிசியின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கோவில்பதாகையில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பேபி மேனேஜரிடம் ரிப்போர்ட் கொடுப்பதுபோல ஒப்பித்தாள்.

"பெட்டி, மேளம், டீ, எல்லாம் சொல்லியாச்சுண்ணா. ஒனக்கு ஒத்த ரூபா செலவில்ல. அம்மா விஷயத்துல நான் பேசுனது தப்பு, எம்மாந்நேரம் வேணாலும் திட்டிக்க. அன்னிக்கு கோடி மட்டும் எட்த்துகினு வந்துடு."

அவர் துணியை உதறிப் போட்டுவிட்டு ஜெராக்ஸை வாங்கினார். கண்ணாடி மாட்டி நிதானமாகப் படித்தார்.

"நான் ஒனக்கு ஏழு வயசு பெரியவன். நான் முன்னாடி பூட்டா இன்னா பண்ணுவ?"

அண்ணன் வருவாரா மாட்டாரா என்றே நாலு வருஷம் தவித்தவள், அவர் இல்லாமலே போகலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கண் நிறைந்துவிட்டது.

தட்சிணாமூர்த்தி ஆட்டோவுக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தார். ஜெராக்ஸைப் பின்பக்கம் திருப்பி, வண்டி சீட்டின்மேல் வைத்து, 'கோடி - அண்ணன்' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே 'அண்ணன் இல்லாவிட்டால் அவர் மகன் சரண்' என்று எழுதி, சரணின் செல் நம்பரையும் போட்டு, கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினார்.