மட்டம் பார்த்த முட்டை

ஐடஹோவில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற லோர்னா விக்கர்ஸுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனா பாலைவனத்தில் தன் டிரெய்லர் வீட்டை நிறுத்தி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஃப்ரிட்ஜில் வைத்த பால் திரிந்துவிட்டது.

“உன் ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு. என்னோடதும் வந்த வாரமே செத்துச்சு. பேசாம ஐஸ்பெட்டி வாங்கிக்கோ,” என்றார் பக்கத்து டிரெய்லர்க்காரர் டுவைட், மடக்கு நாற்காலியை விட்டு எழாமலே.

“சாவுச் செய்தி சொல்றதுக்குன்னே நாற்காலி போட்டு உக்காந்திருக்கியா?”

லோர்னா ஃப்ரிட்ஜை ஓட்டும் கேஸ் சுடரைப் பார்த்தார், நீலமாகத்தான் எரிந்தது. ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் டாலர் நோட்டை வைத்து மூடி இழுத்தார். கதவு அதை விடவில்லை. வெளிப்பக்கக் காற்றுத் துவாரத்தை அடைத்துக்கொண்டு குளவிக்கூடு எதுவும் இல்லை.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் மட்டமாக நிற்காவிட்டால் குளிராது. ஆனால் வண்டியை நிறுத்திய அன்று டுவைட்தான் எட்ட நின்று, தன் டிரெய்லரோடு ஒப்பிட்டுப் பார்த்து, “கச்சிதம்” என்றிருந்தார்.

லோர்னா ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு முட்டையை வைத்தார். அது விறுவிறுவென்று உருண்டு பக்கச் சுவரில் போய் இடித்தது.

மத்தியான வெயிலில் சக்கரத்துக்கடியில் பலகை செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். முட்டை அசையாமல் நிற்கும்வரை விடவில்லை. மறுநாள் காலை வெண்ணெய் கல்லாக இருந்தது.

“இப்பத்தான் உன் வண்டி கோணலா நிக்குது,” என்றார் டுவைட்.

“உன் வாசல்லேர்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்.”

டுவைட் தன் டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

“அந்த முட்டையைக் கொஞ்சம் குடு.”