மூன்றாவது தட்டில் உப்பில்லை

பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் துகிமான் ஒருமுறை ஹார்ன் அடிப்பார். எதிரே வண்டி வருகிறதோ இல்லையோ, அது பாலத்தடியில் குடியிருக்கும் ஆவிகளிடம் வழி கேட்பது. பல வருஷமாக ஜாவா முழுக்க வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிச் சுற்றியவர். யோக்யகார்த்தாவில் சொந்த வீடு, வாய் ஓயாத மனைவி, கட்டிக்கொடுத்த ஒரு மகள். கண்ணுக்குத் தெரியாதவர்களோடு அவருக்கு ஒரு தகராறும் இருந்ததில்லை. அவர்கள் பாட்டுக்கு அவர்கள், இவர் பாட்டுக்கு இவர்.

மழை தொடங்கியிருந்த ஒரு நாள், ஸ்மாராங்குக்குப் போய் ஹெல்மி என்ற பின்லாந்துக்காரியை ஏற்றிக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்த்து ஓய்வு பெற்றவர். வாசல் நிலைகளில் எல்லாம் குனிந்தே நுழைய வேண்டிய உயரம். ஊர் மொழியைப் புத்தகம் வைத்துப் படித்துவிட்டு வந்திருந்ததால், வானொலியில் செய்தி வாசிப்பது போல் பேசுவார். பழைய கோயில்களைப் பார்க்க வேண்டும், அந்தந்த ஊரில் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். வேறு ஆசை கிடையாது.

முதல் சாப்பாடு துறைமுகத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் போட்ட கோழி சூப்பும் சோறும். கடைக்காரர் மூன்று கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டு பேர்தாங்க," என்றார் துகிமான்.

கடைக்காரர் அவருக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். "அவரு எந்திரிச்சுப் போயிட்டாரா? இப்பதானே உக்காந்திருந்தாரு."

"கவலை வேண்டாம், பாக் துகிமான்," என்று ஐயாவுக்கு அந்த ஊர்ச் சொல்லைப் போட்டு அழைத்தபடி ஹெல்மி மூன்றாவது கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் பெரிய உடம்பு உள்ளவள்." இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இதில் மட்டும் உப்பு போட மறந்துவிட்டார்கள்."

ஒரே பானையில் முகந்த சூப்பு. துகிமான் வாங்கி ஒரு கரண்டி வாயில் வைத்தார். உப்பு மட்டுமல்ல, கோழி இல்லை, பூண்டு இல்லை, எலுமிச்சை இல்லை. அரிசி கழுவிய தண்ணீரைச் சூடாகக் குடித்தது போல் இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துத் தள்ளினார். படையல் வைத்துப் பழகிய வீட்டில் பிறந்தவர் அவர். செத்தவர்கள் சாப்பிட்டுப் போன சோறு அளவில் குறைவதில்லை. ருசிதான் போய்விடும்.

அந்த அம்மாவுக்கு அதெல்லாம் சொல்லவில்லை. தூர தேசத்திலிருந்து யாரையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், நமக்கென்ன என்று வண்டியைக் கிளப்பினார்.

தியெங் மேட்டில் பனி இறங்கி, அதிக உயரமில்லாத கல் கோயில்கள் ஒன்று தெரிவதும் ஒன்று மறைவதுமாக இருந்தன. ஹெல்மி ஒவ்வொரு கோயிலுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கீழே நூடுல்ஸ் கடைக்காரி ஒன்றும் கேட்காமல் மூன்று தட்டு வைத்துவிட்டுப் போனாள். துகிமான் மூன்றாவது தட்டின் விளிம்பிலிருந்து குழம்பை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். ஊறின காகிதம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மா," என்றார் மெதுவாக. "உங்க வீட்டுக்காரர் காலமாயிட்டாரா?"

"அவரா? வேறொரு பெண்ணோடு மிகுந்த ஆரோக்கியத்துடன் வசிக்கிறார்."

"அப்பா, அம்மா?"

"இருவரும் உயிருடன் இருக்கிறார்கள். தினமும் சண்டையிடுகிறார்கள்." ஹெல்மி அவரை நிமிர்ந்து பார்த்தார். "என்னிடம் இறந்தவர்கள் எவரும் இல்லை, பாக். ஏன் கேட்கிறீர்கள்? அந்த மூன்றாவது தட்டு இந்த ஊர் வழக்கம் என்றல்லவா நினைத்தேன்?"

துகிமான் எழுந்துபோய்க் காசு கொடுத்துவிட்டு வந்தார். இறக்கத்தில் வண்டியை உருட்டியபோது பின்சீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

பிரம்பனான் கோபுரங்களைப் பார்த்துவிட்டு வந்த மத்தியானம் விஷயம் வெளியே வந்தது. கோயிலுக்கு எதிரே பலாக்காயை வெல்லம் போட்டு நாள் முழுக்க வேகவைத்து விற்கும் கடைக்காரி வாயாடி. துகிமானுக்குப் பல வருஷப் பழக்கம். அவளும் மூன்று இலையில் சோறு போட்டாள்.

"மூணாவது யாருக்கு?" என்று கேட்டார் துகிமான். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

"கூட்டிட்டு வந்த ஆளையே மறந்துட்டீங்களா? உள்ள கூப்பிட மாட்டீங்களோ? பாவம், தூணோரமா ஒதுங்கி நிக்குது."

"எப்படி இருக்கான்?"

"இது என்ன கேள்வி. ஒல்லியா, கருத்துப் போய். வெயில்லயே கெடந்த உடம்பு. சட்டை நனைஞ்சிருக்கு. எடது காது மேல பாதி இல்ல." அவள் கரண்டியோடு நிமிர்ந்தாள். தூண் பக்கம் பார்த்தாள், அங்கே யாரும் இல்லை, பிறகு துகிமானைப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். காசு வாங்கக்கூட வரவில்லை, தங்கையை அனுப்பினாள்.

இடது காதில் பாதி இல்லாத ஒருவனை துகிமானுக்குத் தெரியும். சின்ன வயதில் பட்டம் விடும்போது கண்ணாடித்தூள் தடவிய நூல் அறுத்த காது அது. அவருடைய தம்பி ஜுமெனோ. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மீன்பிடிக் கப்பலில் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனவன். ஒரு வருஷம் பணம் வந்தது, போன் வந்தது, பிறகு எதுவும் இல்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினான், கப்பலுக்குத் திரும்பவில்லை என்று ஏற்றி அனுப்பிய தரகர் சொன்னார். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் எதைச் செய்வது. அவனுக்காக ஒரு பிரார்த்தனையும் வைக்கவில்லை, ஊரைக் கூட்டி ஒரு பிடி சோறு போடவும் இல்லை.

துகிமான் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஹெல்மி காரணம் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னார். அவர் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. நனைந்து வந்தவருக்கு உட்கார விரிப்பது போலத் தன் துண்டை எடுத்துப் பின்சீட்டில் காலியாக இருந்த பக்கத்தில் விரித்தார்.

"இவருக்கு மனைவி உண்டா?" என்று கேட்டார்.

இருந்தாள். லாவு மலைச் சரிவில், சுகூ கோயிலுக்குப் போகும் வழியில் கேரட் பயிரிட்டுக்கொண்டு தனியாக இருந்தாள் ருமியாத்தி. பெண் கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியவள். ஹெல்மி பார்க்க வேண்டிய கடைசிக் கோயிலும் சுகூதான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் வீட்டு முன்னால் வண்டி நின்றது. வெளியே பகலா சாயங்காலமா என்று தெரியாத மூட்டம். பாயில் தட்டுகளை எடுத்துவைத்தாள். தனக்கு, இவர்கள் இருவருக்கு, பிறகு ஜுமெனோவுக்கு. அவனுக்கு வைப்பது அன்றாட வழக்கம். தான் சாப்பிட்டு முடித்தபின் அந்தத் தட்டை அவளே எடுத்துச் சாப்பிடுவாள். அதற்கொரு காரணம் வைத்திருந்தாள். அதில் ருசி இருக்கிறவரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான்.

"அண்ணே, என்ன சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க? அண்ணி சமையல் நாக்குல ஒட்டிக்கிச்சா?"

துகிமான் பிசைவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவள் தன் தட்டை முடித்துவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டி நான்காவது தட்டை இழுத்து ஒரு வாய் போட்டாள். மென்றாள். மெல்லுவது நின்றது. அதிலிருந்த மிளகாய்த் துவையலை வழித்து வெறுமனே நாக்கில் வைத்தாள். இன்னொரு முறை வைத்தாள். காரம் ஏறி இருமல் வர வேண்டிய முகம் அப்படியே இருந்தது.

"நேத்து உப்பு இருந்துச்சு," என்றாள்.

துகிமான் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"நேத்து நல்லா இருந்துச்சு அண்ணே. இன்னிக்கு நீங்க வந்தீங்க. உங்க கூட வந்திருக்காரு." அவள் கதவுப் பக்கம் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தாள். "எத்தன நாளா?"

ஸ்மாராங்கிலிருந்து எல்லாவற்றையும் துகிமான் சொன்னார். எந்தக் கடையில் என்ன, யார் என்ன சொன்னார்கள், காது, நனைந்த சட்டை. வெளியூர் போய் வந்த புருஷனைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பலாக்காய்க் குழம்பு என்றதும், "அவருக்கு அது புடிக்காதே," என்றாள். பிறகு அவள் குரல் மாறியது.

"செத்த மனுசன் வீட்டுக்கு வராம வேற எங்க போவான்? அண்ணனத் தேடிப் புடிச்சுத் தொத்திக்கிட்டு வந்திருக்காரு. அப்ப இந்த மாசம்தானே செத்திருக்காரு. அப்ப இத்தன வருசமும் எங்கயோ நல்லா இருந்திருக்காரு. கெளம்பி வர்றதுக்கு அவருக்குக் கால் இல்லையா?"

துகிமானுக்கு அப்போதுதான் அது உறைத்தது. தம்பி செத்துப்போனதை நினைத்து அழுதவருக்கு, அவன் உயிரோடு இருந்ததை நினைத்தால் உடம்பு சில்லிட்டது. அந்த நேரத்தில் காற்றே இல்லாமல் கதவு ஒரு சாண் திறந்து அப்படியே நின்றது. ஹெல்மி தன் பெரிய கையை ருமியாத்தியின் முதுகில் வைத்தார். மூட்டம் வாசல்வரை வந்திருந்தது.

சுகூ கோயிலை ஹெல்மி பார்க்கவில்லை. அடுத்த நாள் முழுக்க ருமியாத்தியோடு உட்கார்ந்து தேங்காய் துருவினார், அக்கம்பக்கத்துப் பெண்கள் அவர் துருவிய விதத்தைப் பார்த்துக் கேலி செய்ததையும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஜுமெனோவுக்காகக் கோபுரமாகக் குவித்த சோற்றைச் சுற்றி ஊர் ஆண்கள் உட்கார்ந்தார்கள். ஓதுபவர் இறந்த நாள் எது என்று கேட்டார். பின்னால் நாற்பதாவது, நூறாவது, ஆயிரமாவது நாளில் செத்தவருக்காக ஓதிச் சோறு போடுவதற்குக் கணக்கு அதிலிருந்துதான். துகிமான் ஸ்மாராங்கில் சூப்பு குடித்த நாளைச் சொன்னார். ஓதுபவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

சோறு பங்கிட்டு எல்லோரும் போனபின் ருமியாத்தி சமையலறையில் சட்டி தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நூறு வரைக்கும் நான் செய்யறேன். ஆயிரமாவது நாள எங்கிட்ட கேக்காதீங்க. இத்தன வருசம் அவருக்கு யாரு சோறு போட்டாளோ, அவ செய்யட்டும்."

"அப்படி ஒருத்தி இருக்கான்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?"

"சோறு இல்லாம பத்தொன்பது வருசம் யாரு இருப்பா? இருக்கா. அவளும் இன்னிக்கு எங்கயோ உக்காந்து அழுவுறா. அழட்டும்."

சொன்னபடி நூறு வரை செய்தாள். ஆயிரமாவது நாளை துகிமான் தன் வீட்டில் வைத்தார். ருமியாத்திக்குத் தகவல் மட்டும் சொல்லியிருந்தார், வா என்று கூப்பிடவில்லை. அன்று காலை முதல் பஸ்ஸில் ஒரு கூடை கேரட்டோடு ருமியாத்தி வந்து இறங்கினாள். நேராக அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தாள். நாள் முழுக்க வெட்டினாள், அரைத்தாள், வதக்கினாள். ஓதத் தொடங்குவதற்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து மலையேற வேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டாள்.