யாருக்கும் பிடிக்கிற நிறம்

ஒரு வீட்டை நம்முடையது என்று சொல்லவைப்பது எது? பத்திரமா, பழக்கமா? வெர்னாவின் வாழ்க்கையை எதிர்வீட்டிலிருந்து பார்த்தபோதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. பதில் கிடைத்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் தெருவிலேயே அவள் சமையலறை மட்டும்தான் கிளிப்பச்சை. கூடம் செங்கல் சிவப்பு. தபால் நிலையத்தில் நாளெல்லாம் சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலாவது நிறம் வேண்டுமாம். அழகான சேர்க்கை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது அவளுடையது.

அவள் ஓய்வுபெற்ற வசந்தத்தில் கணவன் கிளேட்டன், "வீடு முழுக்க பெயிண்ட் அடிச்சுத் தரேன் கண்ணு, என் பரிசு" என்றான். ஒரு பல்பைக்கூடத் தானாக மாற்றியறியாதவன். அவள் நெகிழ்ந்துபோனாள். நிறத்தையும் அவனே தேர்ந்தெடுத்தான்: பாலில் ஊறிய ஓட்ஸ் போன்ற இளம்பழுப்பு.

"என்னது, பல் டாக்டர் கிளினிக் மாதிரி?"

"அடிச்சுப் பாரு. இதமா இருக்கும்."

சேர்ந்தே அடித்தார்கள். சிவப்பு மறைய இரண்டு கோட் போதவில்லை. மூன்றாவதை அவளே ரோலரால் ஓட்டினாள். மாலை வெயில் விழுந்தபோது சுவர் உண்மையிலேயே இதமாகத்தான் இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். குடும்பப் படங்களை மட்டும் அவன் திரும்ப மாட்டவில்லை. "நல்லா காயட்டும்" என்றான்.

அடுத்த ஞாயிறு, வெர்னா பாடுகிற தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்கன் வாசிப்பவருக்கு உடம்பு சரியில்லை; பயிற்சி நின்றுபோக, அவள் சீக்கிரமே திரும்பினாள். தெருமுனையில் 'வீடு விற்பனைக்கு, பார்க்கலாம்' என்று அம்புக்குறிப் பலகை. யார் வீடோ என்று அம்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் தன் வாசலில் வந்து நின்றாள்.

உள்ளே அவளுடைய அடுப்பில் தரகர்ப் பெண் ஒருத்தி பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தாள். வாங்க வருகிறவர்களை வாசனையால் மயக்குவது இங்கே தொழில் வழக்கம். கூடத்தில் ஓர் இளம் தம்பதி.

"நீங்களும் வீடு பாக்க வந்தீங்களா?" என்றாள் அந்த மனைவி.

"ஆமா" என்றாள் வெர்னா.

"நல்ல கலர், இல்ல? இங்க யார் இருந்தாங்கன்னே தெரியல."

"அதுக்குத்தானே அடிக்கச் சொன்னேன்," என்று சமையலறையிலிருந்து தரகர் சிரித்தாள். "முன்னாடி பாத்திருக்கணும் நீங்க. சர்க்கஸ் கூடாரம்!"

"அந்தக் கூடாரத்துக் கோமாளி நான்தாம்மா. அடுப்பப் பாரு, கருகுது."

அன்று மாலை அவர்கள் முற்றத்தில் போட்ட சண்டை எனக்கும் கேட்டது.

"அரிசோனாவுல என் தம்பி பக்கத்துல போய் இருக்கலாம்னு நெனச்சேன். சொன்னா நீ ஒத்துக்க மாட்டியே."

"அதனால என் கையாலயே அழிக்க வெச்சியா, கிளேட்டன்?"

பொய் சொல்வது ஒன்று. ஏமாறுகிறவளையே அந்தப் பொய்க்கு உழைக்க வைப்பது வேறொன்று. இரண்டாவதற்கு எந்த நூலிலும் சரியான பெயரை நான் படித்ததில்லை.

மனைவியின் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது. வெர்னா போடவில்லை. இலையுதிர் காலத்தில் கிளேட்டன் தனியாக அரிசோனா போனான். வீடு அவளிடமே நின்றது.

சில ஆண்டுகளில் சுவரில் அழுக்கேறியது. ஒரு நாள் அவள் காரிலிருந்து பெயிண்ட் டப்பாக்களை இறக்குவதைப் பார்த்து, பழைய நிறங்கள் திரும்பப்போகின்றன என்று உதவிக்கு ஓடினேன். மூடியைத் திறந்தாள். அதே இளம்பழுப்பு. "இதுவும் என் கையால அடிச்சதுதானே. பழகிடுச்சு," என்றாள். ரோலரை நனைத்து, கூடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினாள்.