கண்ணாடி ஜாடிக்குள் வந்த அழைப்பு

பள்ளியில் அவருக்கு வெண்கல டீச்சர் என்று பெயர். கீழே அவர் இயற்பியல் நடத்தினால் மாடியில் கணக்குப் பாடம் நின்றுபோகும், அப்படியொரு தொண்டை. இருபது வருடமாக அந்தக் குரலை வைத்தே வகுப்பைக் கட்டி மேய்த்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியபோது மிஞ்சியது வெறும் காற்றுதான்.

தலைமையாசிரியை சுற்றி வளைக்கவில்லை. "குரல் இல்லாம எப்படிம்மா பாடம் நடத்துவீங்க? ஆபீஸ் வேலைக்கு வந்துடுங்க."

டீச்சருக்கு ஆத்திரமான ஆத்திரம். தாளில் எழுதி நீட்டினார்: 'ஒரே ஒரு வகுப்பு. வந்து பாருங்கள்.'

பாடம், மின்காந்த அலைகள். ஒத்திகையில், பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிய கண்ணாடி ஜாடிக்குள் அடங்கவேண்டிய போன் மணிச் சத்தம், அடித்தட்டு வழியாகக் கசிந்து மானத்தை வாங்கியது. தையல்காரரான கணவரிடம் அதை எழுதிக் காட்டினார். அவர் கோட்டுத் தோளுக்கு வைக்கும் பஞ்சுத் திண்டுகளை எடுத்துக் கொடுத்தார். "இதுமேல வச்சுப் பாரு. கோட்டுக்காரர் காத்திருக்கட்டும்."

மறுநாள் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் அவருடைய போனையே கைநீட்டி வாங்கித் திண்டின்மேல் வைத்து, கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தார். தன் போனை முன்வரிசை மாணவியிடம் தந்து அழைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஜாடிக்குள் மணி அலறியது. பம்பைப் போட்டதும் உள்ளிருந்த காற்று வெளியேற, சத்தம் தேய்ந்து, முனகி, அடங்கிப்போனது.

"கட்டாயிடுச்சா?" தலைமையாசிரியை எழுந்தேவிட்டார்.

இல்லை. திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. மாணவி அழைப்பை நிறுத்தியதும் அணைந்தது. மறுபடி அழைத்ததும், காற்றில்லாத ஜாடிக்குள் மறுபடி எரிந்தது. நெட்டுருப் போட்டதெல்லாம் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சத்தம் போக காத்து வேணும், டீச்சர்!"

"அப்போ அழைப்பு எப்படி உள்ள போச்சு?" என்று ஒருத்தி மடக்கினாள்.

"அது மின்காந்த அலைடி! மின்புலம் மாறினா காந்தப்புலம், காந்தப்புலம் மாறினா மின்புலம். அதுவே போய்க்கிட்டே இருக்கும், எதுவும் வேணாம்!"

"திரையோட வெளிச்சமும் அதே இனம்தான்! அலைநீளம் மட்டும் ரொம்பச் சின்னது!"

"சூரிய வெளிச்சமும் அப்படித்தான் வருது!"

ஆளுக்கு ஆள் எழுந்து கத்தினார்கள். தலைமையாசிரியை மேசைக்கே வந்து, ஜாடியில் மூக்கு முட்ட எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கம்மா" என்றவர், திரை எரிவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆபீசுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

ஒரு சொல் பேசாமல் ஜெயித்துவிட்டார் டீச்சர். பூரிப்பில் கண்கள் நிறைந்துவிட்டன. கரும்பலகையை அழித்துவிட்டு, நாளைய பாடத்தின் தலைப்பைப் பலகை கொள்ளாத எழுத்தில் எழுதினார்.